கோடு போட்டேன், லட்சம் ஆச்சு!

போன மாசம் ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன், மகன் ரூமில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தேன். ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து மாரடிக்கிற ரகம் அவன். எதிரே கம்ப்யூட்டரில் கன்னங்கரேலென்று ஒரு திரை. படம் கிடையாது, பொம்மை கிடையாது. வெறும் எழுத்து. எழுத்தைச் சுற்றிலும் மெல்லிசாக ஒரு கட்டம்.

"அடேடே... 218!" என்று கத்திவிட்டேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கவலை. "என்னப்பா, சாப்பாட்டுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"சுகர் இல்லடா! இந்தக் கட்டத்தோட இடது மேல் மூலை. அதோட நம்பர் 218. வலது மேல் மூலை 191. கீழே இந்தப் பக்கம் 192, அந்தப் பக்கம் 217. படுக்கைக் கோடு 196. நிக்கிற கோடு 179."

பக்கத்து ரூமிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "கல்யாண நாள் என்னிக்குன்னு கேளு, திருதிருன்னு முழிப்பார். இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும்."

வாஸ்தவம்தான். நான் மறந்தது எத்தனையோ. இந்த ஆறு நம்பரை மட்டும் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி 1989ல் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் அந்தக் கோடுகளின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஒரே ஒரு கழித்தல் வரும். அதுதான் வில்லன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பது இன்று எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்த விஷயம். 'ஏ' என்றால் 65, 'பி' என்றால் 66 என்று 1960களிலேயே அமெரிக்காவில் ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள். ஆஸ்கி என்று பெயர். சினிமாவுக்குக் கொடுக்கிற ஆஸ்கார் இல்லை, இது வேறு. மொத்தம் 128 இடம். ஆங்கில எழுத்து, எண், கமா, கேள்விக்குறி எல்லாம் இதிலேயே அடங்கிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு அள்ளுகிற ஒரு 'பைட்'டில் 256 எண் அடங்கும். மீதி 128 இடம் காலி மனை.

காலி மனை என்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளாளுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அந்த மனையில் ஐரோப்பிய எழுத்து கொஞ்சம், கிரேக்க எழுத்து கொஞ்சம், கணக்குக் குறி கொஞ்சம் என்று குடிவைத்தது. அது போக 179லிருந்து 218 வரை 40 இடத்தைக் கோடுகளுக்கே எழுதிவைத்துவிட்டது. ஒற்றைக் கோட்டில் 11, இரட்டைக் கோட்டில் 11, இரண்டும் கலந்த கலப்புத் திருமணத்தில் 18. இந்த முழுப் பட்டியலுக்கும் 437 என்று நம்பர்.

கோட்டுக்குப் போய் ஏன் இவ்வளவு மரியாதை? காரணம், அன்றைய வறுமை. அந்த மெஷினோடு வந்த கறுப்பு வெள்ளைத் திரை அட்டையில் படம் போடவே முடியாது. ஒரு வரிக்கு 80 எழுத்து, 25 வரி, ஆக 2000 எழுத்து. அவ்வளவுதான் அதன் உலகம். அதில் ஜன்னல் மாதிரி, கட்டம் மாதிரி ஏதாவது காட்ட வேண்டுமென்றால் கோட்டையும் ஓர் எழுத்தாகவே வைத்துக்கொண்டால்தான் உண்டு. 'அ', 'ஆ' எழுதுகிற மாதிரி மூலை, கோடு, மூலை என்று 'எழுதி'க்கொண்டே போக வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் திரையில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடம் 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். ஆனால் சிப்பில் செதுக்கி வைத்திருந்த எழுத்து 8 புள்ளி அகலம்தான். ஒன்பதாவது புள்ளி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சந்து. 'ஏ'யும் 'பி'யும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தச் சந்து வேண்டும். ஆனால் கோட்டுக்கு? கோடு கோடாக இருக்காதே, விட்டு விட்டு அல்லவா தெரியும்! அதற்கு ஒரு வழி பண்ணினார்கள். 192லிருந்து 223 வரை நம்பர் உள்ள எழுத்து வந்தால் மட்டும், எட்டாவது புள்ளியில் உள்ளதையே ஒன்பதாவதிலும் இன்னொரு தடவை போட்டுவிடு என்று அட்டைக்கு உத்தரவு. மார்கழியில் பக்கத்து வீட்டு மாமி, தன் கோலத்தின் கடைசிக் கம்பியை நம் வாசல் வரைக்கும் இழுத்துவிட்டுப் போகிற மாதிரி. அதனால்தான் வலது பக்கம் கை நீட்டுகிற கோடுகள் அத்தனையும் 192க்கு மேலே குடியிருக்கின்றன. கை நீட்டாதவை, 217 ஒன்று நீங்கலாக, 191க்குள். நம்பர் ஏதோ குருட்டாம்போக்கில் கொடுத்ததாக நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த அன்று, யாரென்று தெரியாத அந்த என்ஜினீயருக்கு மனசுக்குள் ஒரு மாலை போட்டேன்.

சரி, 1989.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அதில் இ.டி.பி. டிபார்ட்மென்ட் என்று ஓர் ஏ.ஸி. ரூம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சன்னிதி மாதிரி. அர்ச்சகர் நான். வயசு 27. கல்யாணம் ஆகவில்லை. திரை அட்டையின் பெயர் ஹெர்குலிஸ் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஹெர்குலிஸ் சைக்கிள்தான். பரவாயில்லை, இரண்டும் ஓடின.

எனக்குக் கட்டப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. 'ஆல்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 2, 1, 8 என்று தட்டினால் மூலை வந்து விழும். முதல் தடவை அது வந்தபோது, சாட்சாத் கம்ப்யூட்டரையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. டிபேஸில் ஒரே ஓர் ஆணை கொடுத்தால் திரையைச் சுற்றி இரட்டைக் கோட்டில் பார்டரே கட்டிக்கொள்ளும், பட்டுப் புடவை மாதிரி. ஸ்டாக் ரிப்போர்ட்டுக்குக் கட்டம், லீவு லிஸ்டுக்குக் கட்டம், கேன்டீன் மெனுவுக்குக் கூடக் கட்டம். சாம்பார் சாதத்தை நாலு பக்கமும் சுவர் வைத்து அடைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் கழித்தல் குறியையும் கூட்டல் குறியையும் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். அதைப் பார்க்கவே எனக்குக் குமட்டும். மேனேஜர் என் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து, "அச்சாபீஸ்ல அடிச்ச மாதிரியே இருக்குய்யா!" என்றார். போதாதா? கோடு போட்டால் ரோடு போடுகிறவன் ஆயிற்றே நான்.

அந்த வருஷம் தொழிலாளர்களுக்கு பி.எஃப். சிலிப்பைக் கம்ப்யூட்டரில் அடிப்பது என்று முடிவாயிற்று. அதுவரை ஒரு குமாஸ்தா கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் புகுந்து விளையாடினேன். சிலிப்பின் கடைசியில் மொத்தத் தொகைக்கு மட்டும் தனியாக ஒரு கட்டம். இந்த மாதிரி:

┌────────┐
│41286.50│
└────────┘

எட்டு எழுத்துக்கு இடம். ஆயிரத்தில் இருக்கிறவர்களுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழும். பத்தாயிரத்துக்கு மேலே போனவர்களுக்குத் தொகை இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்காரும். பார்க்க அழகாக இருந்தது. அதில் பெருமை வேறு.

இரண்டு நாள் முன்னால் சோதித்துப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. மறுநாள் பிரிண்டர் படுத்துவிட்டது. சர்வீஸ் ஆள் வந்தார். உள்ளே ஏதோ ஒரு போர்டை மாற்றினார். டீ சாப்பிட்டார், போனார். வெள்ளிக்கிழமை மதியம் சிலிப்புகள் கடகடகடவென்று ஓடின. அடிக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. மேனேஜருக்கு வேறு ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் பையன் கிழித்தான், அடுக்கினான், அட்டெண்டர் அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போய் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். ரிட்டயராக நாலு மாசம். கீழ்மட்டத்து ஆட்களில் பத்தாயிரத்துக்கு மேலே பி.எஃப். சேர்த்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பெண், கல்யாணத்துக்கு நிற்கிறாள். வந்த வரன் எல்லாம் பவுன் கணக்கில் தட்டிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை காலை, செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். கையில் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டி. "எடுத்துக்கோங்க தம்பி. இருட்டுக் கடையில வரிசையில நின்னு வாங்கினது."

நான் ஒரு கை நிறைய எடுத்து வாயில் போட்டேன். "என்ன அண்ணாச்சி விசேஷம்?"

"நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போயிட்டு இப்பத்தான் வாரேன். பொண்ணுக்கு முடிவாயிட்டு. போன மாசம் வேண்டாம்னு விட்டோம்லா, அதே எடம். இருபத்தஞ்சு பவுன் கேட்டாங்க. சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். எல்லாம் உங்க கம்ப்யூட்டர் புண்ணியம்."

"கம்ப்யூட்டர் என்ன பண்ணித்து?"

"இத்தனை வருசமா அந்தக் குமாஸ்தா எழுதினதுல எவ்வளவு விட்டுப் போச்சோ! மிசினு கரெக்டா கூட்டிட்டுல்லா. எனக்கே சந்தேகம்தான். ஊர்ல போஸ்ட்மாஸ்டர்கிட்டக் காட்டினேன். அவரும் மூணு லச்சத்து நாப்பத்தோராயிரம்னுதான் வாசிச்சாரு."

அல்வா தொண்டையில் நின்றது. அது நிற்காத பொருள். அப்படியும் நின்றது.

சிலிப்பை வாங்கிப் பார்த்தேன். என் அழகான மேல் கோட்டைக் காணோம். அந்த இடத்தில் 'இஸட்' என்று ஓர் எழுத்து, தொடர்ந்து 'டி டி டி டி டி டி டி டி', கடைசியில் ஒரு கேள்விக்குறி. எல்லாம் லேசாகச் சாய்ந்து, சுவரில் முதுகு கொடுத்து நிற்கிற ஆள் மாதிரி. அதற்குக் கீழே,

341286.503

நடந்தது இதுதான். அந்தக் காலத்து ஊசி பிரிண்டர்கள் பலவற்றில் 128க்கு மேற்பட்ட மனைக்கு இரண்டு பட்டா உண்டு. ஒன்று, ஐ.பி.எம். சொன்னபடி கோடு. இன்னொன்று, சாய்ந்த எழுத்து: வந்த எண்ணில் 128ஐக் கழி, மீதிக்கு எந்த எழுத்தோ அதைச் சாய்த்துப் போடு. எது வேண்டும் என்று சொல்ல உள்ளே ஒரு குட்டி சுவிட்ச், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. புதுப் போர்டில் அது சாய்வுப் பக்கம் இருந்தது. ஆக, படுக்கைக் கோடு 196, 128 போனால் 68, அது 'டி'. மூலை 218, 128 போனால் 90, 'இஸட்'. நிற்கிற கோடு 179. 128 போனால் 51. ஆஸ்கியில் 51 என்பது எது தெரியுமோ? '3' என்கிற எண்.

சுவரைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்த 41,286 ரூபாய் 50 காசுக்கு முன்னால் ஒரு 3, பின்னால் ஒரு 3. ஆயிரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்ததால் தப்பித்தார்கள். 'கம்ப்யூட்டர் என்றால் ஏதாவது இப்படிக் கிறுக்கும்' என்று விட்டுவிட்டார்கள். அந்த போஸ்ட்மாஸ்டர் காசைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். புள்ளிக்கு அப்புறம் 503! ரூபாய்க்கு நூறு காசு என்று ஒரு வழக்கம் உண்டே. ஆனால் லட்சத்தைப் பார்த்த கண் காசைப் பார்க்குமா?

நம் ஊரில் 'அல்வா கொடுப்பது' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்தவன் நான். வாங்கித் தின்றதும் நான்.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. உளறினேன். அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. நின்றுகொண்டே கேட்டார். சிலிப்பை வாங்கி, சாய்ந்த 3ஐ விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ முன்னால உள்ளது கோடு."

"ஆமாம் அண்ணாச்சி."

"பின்னால உள்ளதும் கோடு."

"ஆமாம்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இந்தக் கோடு எதுக்குத் தம்பி?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அழகுக்கு..." என்றேன். அந்த வார்த்தை அந்த ஏ.ஸி. ரூமில் எவ்வளவு அசிங்கமாக ஒலித்தது என்று இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சினார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, காய்ச்ச வேண்டியதுதான். சிலிப்புகளைத் திரும்ப வாங்கி, சுவிட்சைத் தள்ளி, மறுபடி அடித்துக் கொடுத்தோம். அண்ணாச்சி மட்டும் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "மாப்பிள்ளை வீட்டுக்கு நானும் வர்றேன். என்ன நடந்ததுன்னு சொல்றேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். மாப்பிள்ளையின் அப்பா கிராமத்துக் கர்ணமாக இருந்தவர். 1980ல் அந்த வேலையையே அரசாங்கம் ஒழித்துவிட்டது. ஆனால் அவருக்குள் இருந்த கர்ணத்தை யாரும் ஒழிக்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் இரண்டு சிலிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 179, 128, 51 என்று விளக்கினேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கல்யாணத்தை நிறுத்த எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கேன் தம்பி. ஜாதகம் சேரலம்பான், பாட்டி செத்துட்டாம்பான். கழித்தல் கணக்குப் போட்டு நிறுத்துறவனை இன்னைக்குத்தான் பாக்கேன்."

நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சிலிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மிசினு கெடக்கட்டும். இதைக் கணக்குன்னு எவன் சொன்னான்? தொகைக்கு முன்னால 'ரூ' போட்டியா? இல்லை. முடிஞ்ச எடத்துல ஒரு கோடு இழுத்து அடைச்சியா? இல்லை. முன்னால ஒரு எண்ணு, பின்னால ஒரு எண்ணு எவனாவது சேத்துட்டா? அதுக்குத்தானே அதை வச்சிருக்கு. சேக்கதுக்கு வேற ஆளே வேண்டாம்னு நீயே சேத்துக் கொண்டாந்திருக்க. அந்தக் காலத்துல இப்பிடி எழுதிக் கொண்டு போனா தாசில்தாரு மூஞ்சில விட்டெறிவாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. பி.எஸ்ஸி. கணிதம், கம்ப்யூட்டரில் டிப்ளமா, எல்லாம் அந்தத் திண்ணையில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தன. கையால் சிலிப் எழுதிய குமாஸ்தா ஒவ்வொரு சிலிப்பிலும் 'ரூ' போட்டிருந்தார். இடத்தை அடைக்கிறது என்று நான்தான் எடுத்தேன்.

சம்பந்தம் முறிந்தது. அவர்கள் சத்தம் போடவில்லை, இருபத்தைந்தில் ஒரு பவுனும் குறைக்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில் அண்ணாச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். விழுப்புரம் வந்தபோது எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். இது நாளைக்கு என்னவாக மாறுமோ? பார்க்கப் பார்க்க, இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று தெரிந்தது. இந்தக் கோடுகளுக்கு ஊர் விட்டு ஊர் போனால் வேஷம் மாறுகிற வியாதி. 437க்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவுக்கென்று 850 என்று ஒரு பட்டியல் வந்தது. எழுத்துக்கு இடம் போதவில்லை என்று அந்தக் கலப்புத் திருமணக் கோடுகள் பதினெட்டையும் காலி பண்ணிவிட்டார்கள். பழைய புரோகிராமை அதில் ஓட்டினால் கட்டத்தின் மூலையில் கொம்பு வைத்த எழுத்து முளைக்கும். விண்டோஸ் வந்ததும், டாஸில் போட்ட கட்டத்தைத் திறந்தால் படுக்கைக் கோடு முழுக்கத் தலைமேல் இரண்டு புள்ளி வைத்த 'ஏ' வரிசையாக நிற்கும். 1978ல் வந்த வி.டி.100 என்கிற டெர்மினலில் இன்னும் வேடிக்கை. அதற்குக் கோடு போடத் தனி சமிக்ஞை உண்டு. அந்தச் சமிக்ஞை வழியில் தொலைந்தால், கோடு வர வேண்டிய இடத்தில் ஆங்கில 'கியூ' வரும். கியூ கியூ கியூ கியூ என்று திரை நீளத்துக்கு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள் மாதிரி.

தமிழ்க் கூத்து இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. 1990களின் பிற்பகுதியில் பல தேசத்துத் தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்று ஒரு தமிழ் எழுத்துப் பட்டியல் போட்டார்கள். அவர்களும் பாவம், எங்கே போவார்கள்? அதே 128 மனைக்குள்தான் தமிழைக் குடிவைத்தார்கள். நான் ஆர்வக் கோளாறில், பழைய ஃப்ளாப்பியிலிருந்து அந்த பி.எஃப். சிலிப்பை எடுத்து, திஸ்கி எழுத்துருவில் திறந்தேன். வந்தது இது:

றுலலலலலலலலந
ஐ41286.50ஐ
பலலலலலலலலளு

திஸ்கியில் 196 என்றால் 'ல'. 179 என்றால் 'ஐ'. அவ்வளவுதான் விஷயம். சத்தமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. "என்ன, பாட்டுக் கத்துக்கறேளா?" என்றாள் மனைவி. 'ஐ!' என்று குழந்தை மாதிரித் துள்ளிக்கொண்டு அந்தத் தொகை நின்றதைப் பார்க்க, எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஒன்றும் வந்தது.

காலி மனைச் சண்டைக்கு ஒரு வழியாக யூனிகோடு வந்தது. 1991ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே கட்டக் கோடுகளுக்குத் தனிப் பேட்டை. 128 இடம், அத்தனையும் நிரம்பிவிட்டது. தமிழுக்கு ஒதுக்கிய அடிப்படைப் பேட்டையும் அதே 128 இடம்தான். அதில் குடியேறியிருப்பது 72. தொல்காப்பியம் கண்ட மொழியும் ஒரு மூலைக் கோடும் ஒரே சைஸ் மனையில் இருக்கின்றன. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நமக்கு அந்த 72 போதும். உயிர்மெய் எல்லாம் சேர்த்துப் பண்ணிக்கொள்கிறதுதான். கோட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தடிமன் கோடு, புள்ளிக் கோடு, மூலை மழுங்கிய கோடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வீடு வேண்டும்.

"அதனாலதான் உன் கட்டத்துல மூலை உருண்டையா இருக்கு. எங்க காலத்து நாற்பதுல இது கிடையாது" என்று மகனிடம் சொன்னேன்.

அவன் கதையை முழுக்கக் கேட்டிருந்தான். "இப்பவும் உடையும்ப்பா. இப்ப ஒரு கோடே மூணு பைட்டு. தப்பான பட்டியல்ல திறந்தா ஒரு கோடு மூணு எழுத்தா உடைஞ்சு, தலையில தொப்பி வெச்ச 'ஏ' நிக்கும். தமிழ் எழுத்தும் மூணு பைட்டுதான். அதுவும் அதே மாதிரிதான் உடையும்" என்றான். அப்புறம் கேட்டான்: "அந்த அண்ணாச்சி பொண்ணு?"

1990 ஆவணியில் கல்யாணம் நடந்தது. வேறு இடம். மாப்பிள்ளை பஸ் கம்பெனியில் மெக்கானிக். பதினோரு பவுனோடு சரி என்றுவிட்டார்கள். அண்ணாச்சி ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டிருந்தார். பத்திரிகை வந்தது. நாலு பக்கமும் இரட்டைக் கோட்டில் பார்டர். அச்சாபீஸ்காரர் போட்டது, உடையாத கோடு.

போயிருந்தேன். மொய் எழுதுகிற மேஜையில் ஒரு பெரியவர். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் நெட்டுக் கோடு போட்டிருந்தது. நான் கவரைக் கொடுத்துப் பேரைச் சொன்னேன். எழுதினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணாச்சி. புது வேட்டி, சந்தனம். "என்ன தம்பி, கோட்டுல ஒட்டாம எழுதுதாரான்னு பாக்கீங்களா?"

பெரியவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நோட்டில் 'ரூ.101/-' என்று இருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இலையில் முதலில் வைத்தது அல்வா.